ப்ராசசர் மாற்றினேன், கம்ப்யூட்டர் எழவில்லை: காரைக்குடிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியில் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பது என் பிழைப்பு. கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான், தேவகோட்டை என்று சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்தும் கேபினெட்டைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியதிலிருந்து ஒரே மாதிரிக் கேஸ்கள் வரிசை கட்டுகின்றன. ஏஎம்டி நிறுவனத்தின் முதல் தலைமுறை ரைசன் ப்ராசசர்களும், ஏழாம் தலைமுறை வரையிலான இன்டெல்லில் பெரும்பாலானவையும் விண்டோஸ் 11 ஏற்கும் பட்டியலில் இல்லை. மொத்த மெஷினையும் ஏன் மாற்ற வேண்டும் என்று ப்ராசசரை மட்டும் வாங்கி வீட்டிலேயே மாட்டுகிறார்கள். பல்லவன் ரயிலில் சென்னைக்குப் போய் ரிச்சி தெருவில் வாங்கி, அன்று இரவே திரும்பி வந்து, தூக்கம் கெட்டு மாட்டுகிறவர்களும் உண்டு. பட்டனை அழுத்தினால் திரை கறுப்பு. மறுநாள் காலையில் என்னிடம் கேட்கிற கேள்விகள்தாம் இவை.

“ஃபேன் சுத்துது, லைட் எரியுது, டிஸ்ப்ளே மட்டும் வரலைண்ணே. புது ப்ராசசர் செத்துப்போச்சா?”

பெரும்பாலும் இல்லை. இப்படி என் மேஜைக்கு வந்தவற்றில் ப்ராசசரே பழுதாக இருந்ததை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஃபேன் சுற்றுவதை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். 12 வோல்ட் கிடைத்தால் அது சுற்றும். பல மதர்போர்டுகளில் ப்ராசசரே இல்லாவிட்டாலும் சுற்றும்.

பட்டனை அழுத்தியதும் உள்ளே நடப்பது இதுதான். மதர்போர்டில் ஒரு சிறு சிப்பில் பயாஸ் என்ற புரோகிராம் இருக்கிறது. ப்ராசசர் விழித்ததும் முதலில் படிப்பது அதைத்தான். இந்த மாடல் ப்ராசசரை எப்படி எழுப்புவது என்ற விவரம் அந்தப் பயாஸுக்குள் இருந்தாக வேண்டும். இருந்தால் அடுத்து ரேம், அதற்கடுத்து கிராஃபிக்ஸ், கடைசியாக ஹார்ட் டிஸ்க் என்று வேலை நகரும். டிஸ்ப்ளே வருவது மூன்றாவது படியில். அதற்கு முன்னால் எங்கே தடுக்கி விழுந்தாலும் வெளியே தெரிவது ஒரே கறுப்புத் திரைதான்.

அதனால் முதல் வேலையாகப் பழைய ப்ராசசரைத் திரும்ப மாட்டிப் பாருங்கள். ஓடினால் போர்டு, ரேம், மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டி எல்லாம் நலம்; புது ப்ராசசரைப் போர்டுக்குத் தெரியவில்லை என்றே முதலில் சந்தேகப்படலாம். பழையதும் ஓடவில்லையா? மாற்றுகிற வேகத்தில் வேறெதையோ அசைத்துவிட்டீர்கள் அல்லது மாட்ட மறந்துவிட்டீர்கள். அரைமணி நேர வேலைதான், ஆனால் பாதிக் குழப்பம் இதிலேயே தீர்ந்துவிடும்.

“சாக்கெட்டில் அச்சாக உட்கார்ந்ததே, பிறகு ஏன் ஏற்கவில்லை?”

நம் பக்கத்துப் பெரிய வீடுகளில் பர்மாத் தேக்குக் கதவுகளின் சாவிகளைப் பார்த்திருப்பீர்கள். முகப்புக் கதவுச் சாவியும் இரண்டாம் கட்டுச் சாவியும் பார்வைக்கு ஒன்றாகவே இருக்கும். துவாரத்துக்குள் போகவும் செய்யும். திருகினால்தான் திரும்பாது. ப்ராசசர் உட்காரும் சாக்கெட்டின் கதையும் அப்படித்தான்.

இன்டெல்லில் எல்ஜிஏ1151 என்ற சாக்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 6, 7-ஆம் தலைமுறைகளுக்கும் அதே 1151 தொடுபுள்ளிகள், 8, 9-ஆம் தலைமுறைகளுக்கும் அதே 1151. ஆனால் எச்110, பி250 போன்ற 100, 200 வரிசைப் போர்டுகளில் 8-ஆம் தலைமுறை ஓடாது. அதற்கு 300 வரிசைப் போர்டு வேண்டும். எல்ஜிஏ1200-இல் எச்410, பி460 போர்டுகள் பெரும்பாலும் 10-ஆம் தலைமுறையோடு நின்றுவிடும், 11 ஏறாது. எல்ஜிஏ1700 பரவாயில்லை: எச்610, பி660 போர்டுகள் 12-க்காக வந்தவை, பயாஸைப் புதுப்பித்தால் 13, 14-ஐயும் ஏற்கும்.

ஏஎம்டியின் ஏஎம்4-தான் இங்கே அதிகம் வருவது. 2017-இல் வந்த முதல் ரைசனுக்கும் 2022-இல் வந்த ரைசன் 5 5600-க்கும் ஒரே சாக்கெட். ரைசன் 5 1600-ஐக் கழற்றிவிட்டு 5600-ஐப் போட்டால் மெஷின் பறக்கும் என்பது உண்மை. ஆனால் 2018-இல் வெளிவந்த பி450 போர்டுக்கு, அதன்பின் நான்கு வருடம் கழித்துப் பிறக்கப்போகிற ப்ராசசரைப் பற்றி எப்படித் தெரிந்திருக்கும்? பயாஸைப் புதுப்பித்துத்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். அதைவிடப் பழைய ஏ320, பி350 போர்டுகளிலும் பலவற்றுக்கு ரைசன் 5000 வரிசைக்கான பயாஸ் வந்திருக்கிறது, எல்லாவற்றுக்கும் அல்ல.

“என் போர்டு ஏற்குமா என்று வாங்கும் முன்பே எப்படிப் பார்ப்பது?”

போர்டின் பெயரை முழுதாகக் குறித்துக்கொள்ளுங்கள். “பி450” என்பது போர்டில் இருக்கும் சிப்செட் என்ற துணைச் சிப்பின் பெயர், போர்டின் பெயர் அல்ல. சில நிறுவனங்கள் ஒரே பெயரில் 1.0, 2.0 என்று பதிப்புகள் வெளியிடும். அந்த எண் போர்டின் மூலையில் பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும். அந்தப் பெயரோடு போர்டு நிறுவனத்தின் தளத்தில் ப்ராசசர் ஆதரவுப் பட்டியலைப் பாருங்கள். ஒவ்வொரு ப்ராசசருக்கும் எதிரே எந்தப் பயாஸ் பதிப்பிலிருந்து ஓடும் என்று போட்டிருப்பார்கள். பயாஸ் திரையின் முகப்பில் உங்களிடம் இருக்கும் பதிப்பு தெரியும். விண்டோஸில் ‘சிஸ்டம் இன்ஃபர்மேஷன்’ பக்கத்திலும் உண்டு.

பழைய ப்ராசசர் சாக்கெட்டில் இருக்கும்போதே பயாஸை ஏற்றிவிடுங்கள். நேரம் மிச்சம், தலைவலி மிச்சம்.

“பழைய ப்ராசசரை வித்துட்டேன். இப்ப என்ன செய்ய?”

இப்படிச் சொல்பவரிடம் கோபப்படுவதா, அனுதாபப்படுவதா என்று எனக்கு இன்னும் தெளிவில்லை. சரி, வழி இருக்கிறது.

போர்டின் பின்புறம், யுஎஸ்பி துளைகளுக்குப் பக்கத்தில், பயாஸ் ஃப்ளாஷ்பேக் என்ற பொத்தான் இருக்கிறதா பாருங்கள். சில நிறுவனங்கள் அதற்கு வேறு பெயர் வைத்திருக்கும். இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. ப்ராசசர் உயிரோடு எழாமலேயே பயாஸை ஏற்றலாம். ஒரு பென்டிரைவை ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்து, பயாஸ் கோப்பை மட்டும் அதில் போடுங்கள். கோப்பின் பெயரைப் போர்டின் கையேட்டில் சொன்னபடியே மாற்ற வேண்டும். ஓர் எழுத்துப் பிசகினாலும் படிக்காது. அதற்கென்று குறியிட்ட யுஎஸ்பி துளையில் செருகி, போர்டுக்கு மின்சாரம் தரும் 24 பின் கேபிளும் ப்ராசசருக்கான கேபிளும் மாட்டியிருக்கிற நிலையில் பொத்தானை அழுத்துங்கள். விளக்கு மினுக்கும். ஐந்து, பத்து நிமிடத்தில் நிற்கும். மினுக்கிக்கொண்டிருக்கும்போது கை வைக்காதீர்கள்.

இன்னொரு விஷயம். மின்வாரியம் பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்துகிற நாளில் இந்த வேலையைத் தொடாதீர்கள். மற்ற நாளிலும் யுபிஎஸ்ஸில் செருகிச் செய்வதே நல்லது. பாதியில் கரண்ட் போனால் அந்தச் சிப்பில் இருப்பது பாதிப் புரோகிராம். அதற்குப் பிறகு பழைய ப்ராசசரே கிடைத்தாலும் பல போர்டுகள் எழாது.

பொத்தான் இல்லையா? அந்தப் போர்டு ஏற்கனவே ஏற்கிற பழைய ரைசன் ஒன்றை யாரிடமாவது ஒரு மணி நேரம் கடன் வாங்குங்கள். பொறியியல் கல்லூரி இருக்கிற ஊர். விடுதியில் விசாரித்தால் ஒன்று அகப்படும். அதுவும் முடியாதென்றால் பயாஸ் சிப்பில் நேரடியாக எழுதுகிற கருவி வைத்திருக்கும் சர்வீஸ் கடைக்குப் போங்கள்.

“ஆன் பண்ணினா ஒரு நொடி சுத்திட்டு நின்னுடுது.”

இது வேறு நோய். பயாஸுக்குத் தெரியாவிட்டால் பெரும்பாலும் மெஷின் கறுப்புத் திரையோடு ஓடிக்கொண்டே இருக்கும். சுற்றி நிற்கிறதென்றால் மின்சாரப் பக்கம் பாருங்கள்.

போர்டின் இடது மேல் மூலையில் ப்ராசசருக்கென்று தனியாக 4 பின் அல்லது 8 பின் கேபிள் ஒன்று வரும். ப்ராசசர்மேல் இருக்கும் கூலரைக் கழற்ற இடைஞ்சலாக இருக்கிறதென்று அதைப் பிடுங்குவார்கள். கூலரை மாட்டிய பிறகு அந்த மூலைக்குக் கை போகாது, நினைவும் போகாது. தேவகோட்டையிலிருந்து ஒருவர், “போர்டே அவுட்” என்று யாரோ சொன்னதை நம்பி, புதுப் போர்டுக்குப் பணத்தோடு வந்தார். மூடியைத் திறந்தேன். அந்த 4 பின் கேபிள் கூலரின் நிழலில் சாவகாசமாகப் படுத்திருந்தது. செருகினேன், டிஸ்ப்ளே வந்தது. அவர் கொண்டுவந்த பணத்தில் இருவரும் டீ குடித்தோம்.

அது சரியாக இருந்தால் ஷார்ட்டைத் தேடுங்கள். கூலர் திருகு ஒன்று போர்டுக்கு அடியில் உருண்டிருக்கலாம். கூலரின் பின்தகடு கோணலாக உட்கார்ந்திருக்கலாம். முற்றத்தை ஒட்டிக் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் வீடுகளில் நான் எடுத்த பல்லிகளையும் பல்லி முட்டைகளையும் சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

“கூலரைத் தூக்கினேன், ப்ராசசரும் சேர்ந்து வந்துடுச்சு. பின் வளைஞ்சிருக்கு.”

ஏஎம்4-இன் பிறவிக் குறை இது. அதில் பின்கள் ப்ராசசரின் அடியில் இருக்கின்றன, மொத்தம் 1331. சாக்கெட் அவற்றைப் பக்கவாட்டில்தான் பிடிக்கிறது. மேலே அழுத்திப் பிடிக்கும் சட்டம் கிடையாது. ப்ராசசருக்கும் கூலருக்கும் நடுவே சூடு கடத்தத் தடவும் பேஸ்ட் சில வருடங்களில் காய்ந்து கோந்துபோல் இறுகிவிடும். நேராக இழுத்தால் சாக்கெட் விட்டுக்கொடுக்கும், பேஸ்ட் விட்டுக்கொடுக்காது. கழற்றும் முன் மெஷினைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, நிறுத்தி, ப்ளக்கைப் பிடுங்கி, சூடு ஆறுவதற்குள் கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகி, அது வழுகுவது கையில் தெரிந்த பிறகு தூக்க வேண்டும்.

வளைந்தாயிற்று என்றால் பதற வேண்டாம். பள்ளிப் பிள்ளைகளின் மெக்கானிக்கல் பென்சில், லெட் போடாத 0.5 மில்லிமீட்டர் பென்சில் ஒன்று எடுங்கள். ஜன்னலோரம் உட்கார்ந்து ப்ராசசரைக் கண்மட்டத்தில் பிடித்து, பின்வரிசை ஊடே வெளிச்சத்தைப் பாருங்கள். நேராக இருக்கும் வரிசையில் கோடு கோடாக வெளிச்சம் தெரியும். வளைந்த பின் அந்தக் கோட்டை மறிக்கும். பென்சில் முனைத் துவாரத்தை அந்தப் பின்மேல் மாட்டி, தலைமுடியளவு நிமிர்த்துங்கள். மறுபடி பாருங்கள், மறுபடி நிமிர்த்துங்கள். ஒரே தடவையில் நேராக்கப் பார்த்தால் முறியும். நிமிர்த்தியது போதுமா என்பதைச் சாக்கெட்டே சொல்லும்: நெம்புகோலைத் தூக்கி, தங்க முக்கோணக் குறியைப் பொருத்தி வைத்தால் தன் எடையிலேயே தொப்பென்று உட்கார வேண்டும். அழுத்த வேண்டியிருந்தால் இன்னும் ஒரு பின் கோணல். எடுத்து மறுபடி பாருங்கள்.

ஏஎம்4-க்கு அடுத்து வந்த ஏஎம்5-இலும் இன்டெல்லிலும் பின்கள் போர்டின் பக்கம் இருக்கின்றன. அவை வளைந்தால் நீங்கள் தொட வேண்டாம். உருப்பெருக்கியும் பழகிய கையும் வேண்டும்.

“பேஸ்ட் எவ்வளவு வைக்கணும்?”

நடுவில் ஒரு பட்டாணியளவு. அவ்வளவுதான். வெள்ளைப் பணியாரத்துக்கு மாவு ஊற்றுவதுபோல் ஊற்றிக் கொண்டுவந்த ஒருவருக்குச் சாக்கெட்டைக் கழுவித் துடைக்கவே ஒரு பிற்பகல் ஆயிற்று. புதுக் கூலரென்றால் அடிப்பாகத்தில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரித்தீர்களா என்றும் பாருங்கள். சிரிக்காதீர்கள், வாரா வாரம் பார்க்கிறேன்.

“எல்லாம் சரி. மானிட்டரில் ‘சிக்னல் இல்லை’ என்கிறது.”

மானிட்டர் கேபிள் எங்கே செருகியிருக்கிறது? போர்டிலேயே இருக்கும் துளையிலா? உங்கள் பழைய ப்ராசசரில் கிராஃபிக்ஸ் உள்ளேயே இருந்திருக்கலாம். புதியதில் இல்லாமல் இருக்கலாம். ரைசன் 5600-இல் கிராஃபிக்ஸ் கிடையாது, 5600ஜி-யில் உண்டு. இன்டெல்லில் பெயரின் கடைசியில் ‘எஃப்’ எழுத்து இருந்தால் இல்லை. அந்த ஓர் எழுத்துக்காக விலை கொஞ்சம் குறைந்ததைப் பார்த்து வாங்கிவிட்டு, இப்போது தனி கிராஃபிக்ஸ் கார்டு தேட வேண்டியிருக்கிறது.

“போர்டில் ஒரு சின்ன விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறதே?”

அது கோள் சொல்லும் விளக்கு. நல்லது. பல போர்டுகளில் சிபியு, டிரேம், விஜிஏ, பூட் என்று நான்கு இருக்கும். எதில் நின்றுவிட்டதோ அங்கேதான் கோளாறு. சிபியுவில் நின்றால் பயாஸ், பின், 4 பின் கேபிள். விஜிஏ என்றால் மேலே சொன்ன கேபிள் கதை.

டிரேமில் நின்றால் ரேமைக் கழற்றி, அதன் பொன்னிறத் தொடுமுனைகளை வெள்ளை அழிரப்பரால் மெல்லத் தேய்த்து, தூளை ஊதிவிட்டு, ஒரே ஒரு ரேமை மட்டும் ப்ராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது துளையில் போட்டுப் பாருங்கள். அப்புறம் பழைய பயாஸில் ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அமைப்பு வைத்திருந்தால் புது ப்ராசசருக்கு அது ஒத்துவராமல் போகலாம். அடுத்த கேள்வியைப் பாருங்கள். ஏஎம்5 மெஷினாக இருந்தால் முதல் தடவை ரேமைப் பழக்கப்படுத்திக்கொள்ளவே சில நிமிடங்கள் எடுக்கும். பொறுமை இல்லாமல் நடுவில் நிறுத்தி நிறுத்திப் போடாதீர்கள்.

“பேட்டரியைக் கழற்றச் சொல்கிறார்களே, எதற்கு?”

பழைய ப்ராசசருக்கென்று வைத்திருந்த அமைப்புகளைப் பயாஸ் மறப்பதற்கு. ப்ளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில நொடிகள் அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடித்து, நாணயம் போன்ற சிஆர்2032 பேட்டரியைக் கழற்றி ஐந்து நிமிடம் கழித்துப் போடுங்கள். அல்லது இந்த அமைப்புகள் பதிந்திருக்கும் சிமாஸ் நினைவகத்தை அழிக்க போர்டில் இருக்கும் இரண்டு பின்களை ஸ்க்ரூடிரைவர் நுனியால் பத்து நொடி இணைத்தால் போதும். பேட்டரி ஐந்தாறு வருடம் ஆனதென்றால் புதிது போடுங்கள். மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமான சிக்ரி இருக்கிற ஊரில் பேட்டரியைப் பற்றி இதற்கு மேல் நான் பாடம் எடுத்தால் யாராவது விஞ்ஞானி வந்து திருத்துவார்.

“எஃப்டிபிஎம் என்று ஏதோ கேட்டு, ஒய் அழுத்து, என் அழுத்து என்கிறது. எதை அழுத்த?”

முதலில் சந்தோஷப்படுங்கள், டிஸ்ப்ளே வந்துவிட்டது. ஏஎம்டி மெஷின்களில் ப்ராசசர் மாறியதும் இது வரும். விண்டோஸின் பூட்டுச்சாவி போன்ற ஒன்று பழைய ப்ராசசரின் பெயரில் பதிவாகியிருந்தது. அதை அழித்துப் புதிதாகத் தொடங்கவா என்று கேட்கிறது.

உங்கள் டிஸ்க்கில் பிட்லாக்கர் பூட்டு போட்டிருந்தால் கவனம். ‘ஒய்’ அழுத்திய பிறகு 48 இலக்க மீட்புச் சாவி இல்லாமல் உள்ளே போக முடியாது. பலருக்குத் தாங்கள் பூட்டு போட்டிருப்பதே தெரியாது. புது விண்டோஸ் தானாகவே போட்டுக்கொள்கிறது. அந்தச் சாவி பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும், மொபைலிலேயே திறந்து பார்க்கலாம். கையில் சாவி இருக்கிறது, அல்லது பூட்டே இல்லை என்று உறுதியானால் ‘ஒய்’. சந்தேகமாக இருந்தால் ‘என்’ அழுத்தி, பழைய ப்ராசசரை மாட்டி, பூட்டைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டு மறுபடி வாருங்கள். ஒரு டியூஷன் வாத்தியாரின் ஆறு வருட வினாத்தாள்கள் இந்த ஓர் எழுத்தில் மாட்டிக்கொண்டன. அவர் எந்த ஈமெயிலில் கணக்குத் தொடங்கினார் என்பதை நினைவுபடுத்தவே இரண்டு நாள் ஆயிற்று.

“பயாஸ் வருகிறது, விண்டோஸ் வரவில்லை. ஃபார்மட் செய்யச் சொல்கிறார்கள்.”

வேண்டாம். பயாஸைப் புதுப்பித்தால் அமைப்புகள் எல்லாம் பிறந்தநாள் நிலைக்குப் போய்விடும். பழைய முறையில் விண்டோஸ் போட்ட டிஸ்க்காக இருந்தால் சிஎஸ்எம் என்ற அமைப்பு இயங்கினால்தான் பூட் ஆகும்; புதுப் பயாஸ் அதை அணைத்து வைத்திருக்கலாம். அதை இயக்குங்கள். சாட்டா டிஸ்க் என்றால் அதன் முறை முன்பு ஏஎச்சிஐயாக இருந்ததா, ரெய்டாக இருந்ததா என்று பார்த்து அதையே வையுங்கள். பூட் வரிசையில் உங்கள் டிஸ்க் முதலில் இருக்கட்டும். விண்டோஸ் 11-க்குப் போவதுதான் நோக்கமென்றால், உள்ளே போனபின் தரவுகளை வேறிடத்தில் பிரதி எடுத்துவிட்டு டிஸ்க்கை ஜிபிடி என்ற புதிய பகுப்பு முறைக்கு மாற்றிக்கொள்ளலாம். விண்டோஸிலேயே அதற்குக் கருவி இருக்கிறது.

“பத்து நிமிஷம் ஓடி ஆஃப் ஆகிடுது.”

சூடு. கூலர் ஒரு மூலையில் தூக்கிக்கொண்டிருக்கும், அல்லது அதன் ஃபேன் ஒயர் செருகப்படவில்லை. பயாஸ் திரையிலேயே வெப்பநிலை தெரியும். அங்கே சும்மா இருக்கும்போதே 80 டிகிரியைத் தாண்டினால் கூலரைக் கழற்றி மறுபடி மாட்டுங்கள். மலிவுப் போர்டில் 105 வாட் ப்ராசசர் போட்டிருந்தால் ப்ராசசருக்கு மின்சாரம் தரும் பகுதியே திணறும், அதுவும் நம்மூர் மே மாதத்தில். அந்தப் போர்டுகளுக்கு 65 வாட் வகைதான் தோது.

“எல்லாம் பார்த்தாச்சு, எதுவும் ஆகலை.”

வேறொரு போர்டில் அந்த ப்ராசசரைப் போட்டுப் பார்க்க வேண்டும், அதற்குக் கடைக்குத்தான் வர வேண்டும். பெட்டியோடு வாங்கிய ஏஎம்டி ப்ராசசருக்கு மூன்று வருட உத்தரவாதம் உண்டு; பில்லைத் தேடி எடுங்கள். பெட்டி இல்லாமல், பில் இல்லாமல் வாங்கியதென்றால் விற்றவரின் நல்ல மனசுதான் உத்தரவாதம்.

“சரி, ஓடிடுச்சு. பழசை இப்ப வித்துடலாமா?”

ஒரு மாதம் பொறுங்கள். கொத்தமங்கலத்தில் ஒரு வளவுவீட்டில் பேரன் விடுமுறைக்கு வந்தபோது புது ப்ராசசரை மாட்டிவிட்டு, எழவில்லை என்றதும் அப்படியே சிங்கப்பூர் திரும்பிவிட்டார். பழையது எங்கே என்று போனில் கேட்டால் அவருக்கு நினைவில்லை. நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது ஆச்சி உள்கட்டுக்குப் போய் ஓர் எவர்சில்வர் சம்புடத்தைக் கொண்டுவந்தார். “முள்ளு முள்ளா இருந்துச்சு தம்பி, யாரு காலிலயாவது குத்திடும்னு எடுத்து வச்சேன்.” திறந்தால், மெல்லிய துணியில் சுற்றி, ஒரு பின்கூட வளையாமல் ரைசன் 1400. அதை மாட்டித்தான் பயாஸை ஏற்றினேன். வேலை முடிந்ததும் அதைத் திரும்பக் கேட்டு வாங்கி, அதே துணியில் சுற்றி, அதே சம்புடத்தில் போட்டு மூடினார்.